பேரேட்டில் விழுந்த பெயர்

1837-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பொருளாதாரப் பீதி பரவியபோது, நியூயார்க் நகரில் பட்டு வியாபாரம் செய்துவந்த ஆர்தர் டாப்பன், லூயிஸ் டாப்பன் என்னும் சகோதரர்கள், வெளியூர்க் கடைக்காரர்களுக்குக் கடனாகக் கொடுத்த சரக்குக்கு வசூல் வராமையால், பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட பாக்கியுடன் பட்டுவாடாவை நிறுத்தினார்கள். அக்கடனைப் பின்னர் பாடுபட்டு அடைத்துத் தங்கள் நாணயத்தை மீட்டுக்கொண்டவர்களுள் இளையவரான லூயிஸ், கடன் கேட்டு வருபவனுடைய யோக்கியதையை முன்கூட்டியே அறிய ஒரு மார்க்கம் வேண்டுமென்று கருதி, 1841-இல் 'மெர்க்கண்டைல் ஏஜன்ஸி' என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார்.

சிற்றூர் வக்கீல்கள் முதலியோர் இரகசியமாக எழுதியனுப்பிய குறிப்புகள் அங்கே பெரிய பேரேடுகளில் ஏறின. சந்தா கட்டிய வணிகர் வந்து விசாரித்தால், குமாஸ்தா உரிய பக்கத்தைத் திருப்பிப் படித்துச் சொல்வார். ஒருவனுடைய சொத்தும் கடனும் மட்டுமின்றி, அவன் குடிக்கிறானா, குடும்பத்தில் சச்சரவு உண்டா என்பனவும் அப்பக்கங்களில் இடம்பெற்றன. தாமே விழுந்து எழுந்த மனிதர் ஏற்படுத்திய அந்த ஏற்பாட்டில், விழுந்த வேறொருவன் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கோ, பிழையிருந்தால் திருத்துவதற்கோ வழி வைக்கப்படவில்லை.

ஓஹையோ மாநிலத்து நார்வாக் ஊரில் கடை வைத்திருந்த ஜான் பியர்ட்ஸ்லியின் மனைவி விவாகரத்து கோரி வழக்குத் தொடுக்கப்போகிறாள் என்று ஒரு குறிப்பு ஏறியதும், அதுவரை அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். அவர் நீதிமன்றம் ஏறி 10,000 டாலர் நஷ்டஈட்டுக்குத் தீர்ப்புப் பெற்றும், 1870-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

வணிகருக்கென்று தோன்றிய இம்முறை காலப்போக்கில் சாமானியக் குடும்பங்களின் தவணைக் கடன்வரை பரவிய பின்னர், அத்தீர்ப்புக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1970-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், தன்னைப் பற்றிய பதிவின் சாரத்தை அறியவும் தவறானதை மறுக்கவும் கடனாளிக்கு உரிமை அளித்தது; அதனினும் முக்கியமாக, தவறிய தவணைகளைப் பெரும்பாலும் ஏழாண்டுக்கு மேலும், திவாலானதைப் பதினான்கு ஆண்டுக்கு மேலும் எடுத்துச் சொல்லலாகாது என்று வரம்பு கட்டியது. இச்சட்டம் எவருடைய கடனையும் தள்ளுபடி செய்யவில்லை. ஒழுங்காகத் தவணை கட்டி வருகிறவனுடைய புதிய வரவுகள் பழைய பாக்கியின் நிழலில் என்றென்றைக்கும் கிடக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் உறுதிசெய்தது. டாப்பன் சகோதரர்கள் தங்கள் உழைப்பாலும் செல்வாக்காலும் மீட்ட நற்பெயரை, செல்வாக்கற்றவனும் மீட்டுக்கொள்ள வேண்டுமாயின், அவனுடைய உழைப்போடு பேரேட்டின் மறதியும் சேர வேண்டியிருந்தது.