தூக்கத்தில் நின்று போகும் மூச்சு

1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின், கமுந்திங் வழியே இரவெல்லாம் லோரிகளும் பேருந்துகளும் ஓடுகின்றன. பால்மரத் தொழிலை விட்டு அவற்றை ஓட்டப் போனவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு.

பகலில் தூங்கி விழுபவரைச் சோம்பேறி என்று உலகம் நெடுங்காலம் நகைத்தது. 1836இல் டிக்கன்ஸ் எழுதத் தொடங்கிய பிக்விக் நாவலில், எப்போதும் தூங்கிவிழும் பருத்த சிறுவன் வேடிக்கைப் பாத்திரமே. 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் அந்த நாவலின் பெயரையே ஒரு நோய்க்கு இட்டனர். 1965இல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டனர். உறக்கத்தில் தொண்டை அடைபட்டு, மூச்சு நின்று நின்று வருகிறது. ஒவ்வொரு முறையும் மூளை அவரை அரைகுறையாக எழுப்புகிறது. காலையில் அவருக்கு அது நினைவிராது. பகலில் கண் சொக்கும். எரிச்சலும் மனச்சோர்வும் சேரும். வண்டி ஓட்டுபவருக்கு அது உயிராபத்து.

1981இல் சிட்னியில் கோலின் சல்லிவன் என்ற மருத்துவர், மூக்கு வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். நோய்க்கு வழி பிறந்தது.

தாய்மார்களே! மூச்சு நிற்பதை முதலில் அறிபவர் அருகில் படுப்பவரே. கணவரின் குறட்டை திடீரென நின்று, திணறலோடு மீண்டும் தொடங்கினால், அவரை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்டதை நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். அவருடைய சிடுசிடுப்பு குணக்கேடாக இராது. கெட்டுப்போன தூக்கமாக இருக்கலாம்.