உறைபனி வரை பூக்கும் டேலியா

வடமேற்கு ஐரோப்பாவில் செப்டம்பர் பிறந்ததும் வீட்டுத் தோட்டங்களில் பூ குறையத் தொடங்கும். கோடைச் செடிகள் பலவும் விதை பிடித்துப் பழுத்திருக்கும். டேலியா உச்சத்துக்கு வருவது அப்போதுதான். கோடையின் நடுவில் முதல் மொட்டை விரிக்கும் இந்தச் செடி, முதல் உறைபனி விழும் இரவு வரை விடாமல் பூக்கும். பறிக்கப் பறிக்கப் பக்கக் கிளைகளில் புதிய மொட்டு வரும். வாடிய பூவைக் கிள்ளாமல் விட்டால்தான் பூப்பு மந்தப்படும்.

இந்தப் பருவ வழக்கத்துக்குக் காரணம் அதன் பிறந்த மண். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் சேர்ந்த மலைப்பகுதிகளில் டேலியாவின் காட்டு இனங்கள் 40 வரை உள்ளன. அங்கே மழைக்காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை. மழை தொடங்கியதும் நிலத்தடிக் கிழங்கிலிருந்து துளிர்த்து, மழையின் பிற்பகுதியில் பூத்து, வறண்ட மாதங்களில் தண்டு காய்ந்து மீண்டும் கிழங்காக ஒடுங்குவது அதன் ஆண்டுச் சுற்று. இரவு நீள நீளக் கிழங்கு பருக்கும். ஐரோப்பியத் தோட்டத்திலும் செடி அதே கணக்கைத்தான் பின்பற்றுகிறது. வறட்சிக்குப் பதிலாக அங்கே உறைபனி வந்து முடித்துவைக்கிறது.

ஸ்பானியர் வருவதற்கு முன்பே மெக்சிகோ மக்கள் இந்தச் செடியை நன்கு அறிந்திருந்தார்கள். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாண்டஸ் 1571இல் மெக்சிகோவுக்கு வந்து, அந்நாட்டு மூலிகைகளையும் அவற்றின் பயனையும் உள்ளூர் வைத்தியர்களிடம் கேட்டு எழுதினார். படங்களை உள்ளூர் ஓவியர்கள் தீட்டினார்கள். மூலப் படிகள் 1671இல் எஸ்கோரியல் அரண்மனைத் தீயில் அழிந்தன. அதற்கு முன் 1651இல் ரோமில் அச்சான சுருக்கப் பதிப்பில் டேலியாவின் படங்கள் நிலைத்துவிட்டன. அப்படிப் பார்த்தால், இந்தப் பூவை ஐரோப்பியத் தாவரவியலார் 'கண்டுபிடித்ததாக'ச் சொல்வது சரியல்ல. தோட்டத்தில் வளர்த்தவர்கள் முன்பே இருந்தார்கள். ஐரோப்பா அவர்களுடைய உழைப்பின் பலனைப் பெற்றுக்கொண்டது.

அந்தப் படங்களை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. 1777இல் தியெரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவின் ஓஹாகா பகுதிக்கு வந்தார். சப்பாத்திக் கள்ளியில் வாழ்ந்து செஞ்சாயம் தரும் பூச்சியை ஸ்பானியர் கண்ணில் படாமல் கடத்திச் செல்வதே அவர் நோக்கம். போகும் வழியில் ஒரு தோட்டத்தில் கண்ட டேலியாவையும் அவர் குறித்துவைத்தார். செடி கடல் கடந்ததோ வேறு வழியில். மெக்சிகோ நகரத் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த விசென்தே செர்வாந்தஸ் 1789இல் விதைகளை மாட்ரிட்டுக்கு அனுப்பினார். அங்கே அந்தோனியோ ஹொசே கவனியெஸ் அவற்றை முளைக்கவைத்து, பூத்ததை 1791இல் வருணித்து, அண்மையில் இறந்திருந்த ஸ்வீடன் தாவரவியலார் ஆந்தர்ஸ் டாலின் நினைவாகப் பெயரிட்டார். அவர் வருணித்த முதல் பூ ஒற்றை அடுக்கு அல்ல. நடுவட்டத்தைச் சுற்றி ஒன்றுக்கு மேற்பட்ட இதழ் வரிசைகள் கொண்டது. காட்டு டேலியாவில் ஒரே வரிசைதான். மெக்சிகோத் தோட்டங்களிலேயே கலப்பும் தேர்வும் நடந்திருந்ததற்கு இது நல்ல சான்று.

1804இல் ஆய்வுப் பயணிகளான ஹம்போல்ட்டும் பான்ப்லானும் அமெரிக்கப் பயணத்தை முடித்தபோது அவர்கள் வழியாகவும் விதைகள் பாரிசுக்கும் பெர்லினுக்கும் சேர்ந்தன. பெர்லினில் வில்டெனோ என்ற தாவரவியலார் பெயரை மாற்றி, ரஷ்யாவில் பணியாற்றிய கியோர்கியின் நினைவாக 'ஜியார்ஜினா' என்றார். அறிவியல் அதை ஏற்கவில்லை. ரஷ்ய மக்கள் இன்றும் அந்தப் பெயரில்தான் அழைக்கிறார்கள். அதே 1804இல் ஹாலந்து பிரபுவின் மனைவி மாட்ரிட்டிலிருந்து லண்டன் வீட்டுக்கு விதைகளை அனுப்ப, இங்கிலாந்தில் டேலியா நிலைத்தது. கிழங்கை உருளைக்கிழங்குபோல் உணவாக்கவும் சிலர் முயன்றார்கள். அதில் மாவுச்சத்துக்குப் பதில் இன்யூலின் என்ற சத்து நிறைந்திருக்கிறது. சுவையும் ஐரோப்பியருக்குப் பிடிக்கவில்லை. சமையலறையில் எடுபடாத செடி பூவுக்காகவே வளர்க்கப்பட்டது.

அடுத்த 30 ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் வேறெந்தத் தோட்டப் பூவிலும் காண்பது அரிது. ஜெர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ், இங்கிலாந்து நாடுகளின் நாற்றுப்பண்ணைக்காரர்கள் ஆயிரக்கணக்கான ரகங்களை உருவாக்கினார்கள். ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர் ஜோசஃப் பாக்ஸ்டன் 1838இல் டேலியா வளர்ப்புக்கென்றே தனி நூல் எழுதினார். இத்தனை வகை சாத்தியமானதன் காரணம் செல்லுக்குள் இருக்கிறது. பெரும்பாலான செடிகளில் குரோமோசோம் தொகுதி இரண்டு. தோட்ட டேலியாவில் எட்டு, மொத்தம் 64 குரோமோசோம்கள். செந்நிறச் சாயலும் ஊதாச் சாயலும் கொண்ட வெவ்வேறு காட்டு இனங்களின் கலப்பு அது. ஆகவே ஒரே பூவின் விதைகளை விதைத்தாலும் ஒரு நாற்று இன்னொன்றைப்போல் இராது. வெள்ளை முதல் கறுப்பை நெருங்கும் கருஞ்சிவப்பு வரை எல்லாம் வந்தன, நீலம் தவிர. நீலத்துக்கு வேண்டிய நிறமி இந்தச் செடியில் இல்லை.

அன்றைய போட்டி நடுவர்கள் விரும்பியது பந்துபோல் உருண்டு, இதழ்கள் தேனடை அறைகளாக அடுக்கிய பூவை. அந்தப் பழக்கத்தை உடைத்தது ஒரே ஒரு கிழங்கு. 1872இல் மெக்சிகோவிலிருந்து நெதர்லாந்துக்கு வந்த ஒரு பெட்டிச் சரக்கில் வேர்கள் எல்லாம் அழுகிப்போக, ஒன்று மட்டும் பிழைத்தது. வான் டென் பெர்க் என்ற பண்ணைக்காரர் அதை வளர்த்தார். நீண்டு, ஓரம் பின்னோக்கிச் சுருண்ட செவ்விதழ்கள்! மெக்சிகோ அதிபர் பெனித்தோ ஹுவாரசின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அவர் அதே ஆண்டு ஜூலையில் காலமானார். 'கள்ளி டேலியா' எனப்படும் கூரிதழ் வகைகள் எல்லாம் அதன் வழிவந்தவை.

1881இல் பிரிட்டனில் தேசிய டேலியா சங்கம் உருவானது. ஆனால் இந்தப் பூவை உயிரோடு காத்தவர்களில் பெரும்பங்கு சிறு தோட்டக்காரர்களுடையது. வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர்கள் வாடகைத் துண்டு நிலத்தில் காய்கறியோடு டேலியாவையும் போட்டிக்கென வளர்த்தார்கள். அவர்கள் செய்முறை இன்றும் மாறவில்லை. உறைபனியில் இலை கருகியதும் தண்டைச் சாணளவு விட்டு வெட்டி, கிழங்குக் கொத்தைக் கவைமுள்ளால் நோகாமல் கெல்லி எடுப்பார்கள். தண்டு உள்ளீடற்றது, அதில் தேங்கிய நீர் வடியச் சில நாள் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, பிறகு உலர்ந்த மணலில் புதைத்துக் குளிர் தாக்காத கொட்டிலில் வைப்பார்கள். வசந்தத்தில் கொத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கிழங்கிலும் தண்டின் அடிக்கழுத்து ஒரு துண்டாவது ஒட்டியிருக்க வேண்டும். முளைக்கண் கழுத்தில்தான், அது இல்லாத கிழங்கு எவ்வளவு பெரிதானாலும் முளைக்காது. வாலில் இடுக்கி கொண்ட ஒரு சிறு பூச்சி இரவில் இதழ்களைக் கடித்துவிடும். அதற்கு வைக்கோல் திணித்த பூத்தொட்டியைக் குச்சியின் உச்சியில் கவிழ்ப்பார்கள். விடியும்போது பூச்சிகள் அதற்குள் பதுங்கும், எடுத்துக் கொட்டிவிடலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வசதியான வீட்டார் டேலியாவைப் பகட்டுப் பூ என்று ஒதுக்கினார்கள். அந்த முடிவில் வர்க்க மனப்பான்மை இருந்ததே தவிர, செடியில் குறை இருக்கவில்லை. கார்டிஃப் நகர ஃப்ரெட் ட்ரெசிடர் உருவாக்கி 1924இல் வெளிவந்த 'பிஷப் ஆஃப் லாண்டாஃப்' என்ற கரும்பச்சை கலந்த செம்பு இலையும் செம்பூவும் கொண்ட ரகம் மட்டும் அந்தக் காலத்திலும் மதிப்பிழக்கவில்லை. 1990களில் இங்கிலாந்தின் கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தின் கிறிஸ்டோஃபர் லாயிட், தம் வீட்டின் பழைய ரோஜாப் பாத்தியை அகற்றி, டேலியாவையும் வாழையையும் கலந்து நட்டார். கோடை இறுதியிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் ஒளிரும் தோட்டம் அது. அதன்பின் டேலியாவின் மவுசு திரும்பியது.

நெதர்லாந்தின் சூண்டர்ட் ஊரில் 1936 முதல் டேலியா ஊர்வலம் நடக்கிறது. ஓவியர் வான்கோ பிறந்த ஊர் அது. செப்டம்பர் முதல் ஞாயிறன்று, 20 சிற்றூர்ப் பகுதிகள் தத்தம் வயலில் விளைந்த பூக்களைக் கொண்டு, வீடளவு உயர்ந்த உருவங்களை ஒவ்வொரு பூவாகப் பதித்து இழுத்து வருவார்கள். மெக்சிகோ 1963இல் டேலியாவைத் தேசியப் பூவாக அறிவித்தது.

இந்தியாவில் அது குளிர்காலச் செடி. வடக்குச் சமவெளிகளில் பூப்பு ஜனவரி, பிப்ரவரியில். தமிழகச் சமவெளி வெயில் அதற்கு ஒவ்வாது. உதகையிலும் கொடைக்கானலிலும் மட்டும் மலை வீடுகளின் முற்றத்தில் எளிதாக வேரூன்றியது. செப்டம்பர், அக்டோபரில் உதகையின் இரண்டாம் பருவம் தொடங்கும்போது, தாவரவியல் பூங்காவின் தொட்டிகளிலும் டேலியா பூத்திருக்கும்.