ஆடிக் காத்தும் ஐப்பசி மண்ணும்

மலையக வரலாறு என்று பேச ஆரம்பித்தாலே 1823, கம்பளை, சிங்கபிட்டிய, கோப்பி என்றுதான் வரும். அந்த 200 வருசத்தை நினைத்துத்தான் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்தக் கணக்கில் எங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் அது ஆட்களின் கணக்கு. நாங்கள் நிற்கிற மண்ணின் கணக்கு வேற. கோப்பிக்கு முன்னால் இந்தச் சரிவுகளில் என்ன இருந்தது என்று கேட்டால் "காடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வெறுங்காட்டை வெட்டித் திருத்தினோம் என்பது துரைமார் சொன்ன கதை. அதையே நாங்களும் ஏன் திருப்பிச் சொல்ல வேண்டும்?

ஹல்துமுல்லையிலிருந்து கொழும்பு றோட்டில் பெலிஹுல்ஓயா பக்கம் இறங்கினால், தெற்கே பள்ளத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம் தெரியும். வளவை கங்கையை மறித்துக் கட்டி, 1992இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய இடம். தண்ணீர் நிரம்புவதற்கு முன், 1980களின் இறுதியில், அந்தப் பகுதியில் தொல்லியல் ஆய்வு நடந்தது. ஜில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அங்கே ஒன்றல்ல இரண்டல்ல, 77 இடங்களில் ஒரே மாதிரியான இரும்பு உலைக்களங்களைக் கண்டார். எல்லாம் மேற்குப் பார்த்த சரிவிலும் மலைவிளிம்பிலும். காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை.

ஏன் மேற்கு? ஆடிக் காத்துக்காக. எங்க பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கிற காத்தைத் தெரியாதவர் இல்லை. கூரைத் தகரத்துக்கு மேலே கல்லை ஏற்றிவைத்துவிட்டு, இரவெல்லாம் அது கடகடக்கிறதைக் கேட்டுக்கொண்டு படுக்கிற காத்து. நாங்கள் திட்டித் தீர்க்கிற அந்தக் காத்தை ஆயிரம் வருசத்துக்கு முன் ஒருத்தர் வேலைக்கு வைத்திருக்கிறார்.

இதில் குயவருக்கும் உலைக்காரருக்கும் ஒரு வேடிக்கையான பகை உண்டு. பானை சுடுகிறவர் காத்துக்குப் பயப்படுவார். காய்ந்த பானைகளை அடுக்கி, விறகும் வைக்கோலும் போட்டு மூடித் திறந்த வெளியில் சுடும்போது ஒரு பக்கம் காத்து ஏறினால் அந்தப் பக்கம் மட்டும் சூடு கூடி, பானை "டப்"பென்று வெடிக்கும். அதனால் காத்து ஓய்ந்த நேரமாகப் பார்த்துத்தான் சூளை மூட்டுவார்கள். உலைக்காரருக்கோ காத்துதான் முதல். ஆனால் இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றே: களிமண், விறகு, நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்கிற கண்.

அந்த உலைகள் அகலமானவை, ஆழம் குறைந்தவை. பின்சுவர் நிரந்தரம். முன்சுவர் களிமண்ணால் ஆனது, அதன் அடியில் வரிசையாகக் களிமண் குழாய்கள். ஒவ்வொரு தடவையும் முன்சுவரை உடைத்துத்தான் இரும்பை வெளியே எடுக்க முடியும், அடுத்த தடவைக்குத் திரும்பக் கட்ட வேண்டும். ஆக, இரும்பு வேலையில் பாதி மண் வேலைதான்.

காத்தை நம்பி உலை நடத்த முடியாது, அது நினைத்தால் அடிக்கும் நினைத்தால் நிற்கும் என்றுதான் முன்பு ஆய்வாளர்கள் எண்ணினார்கள். ஜூலெஃப் அதே அமைப்பில் உலை கட்டி, அதே பருவக் காத்தில் மூட்டிப் பார்த்தார். விசயம் அங்கேதான் புரிந்தது. காத்து நேரே குழாய்க்குள் புகுவது மட்டுமல்ல. முன்சுவரின் உச்சியைத் தாண்டி ஓடும்போது அதற்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு கீழே இருக்கிற குழாய்கள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. வெளியே காத்து கூடினாலும் குறைந்தாலும் உள்ளே ஓட்டம் ஓரளவு சீராகவே இருக்கும். துருத்தி மிதிக்க ஆள் வேண்டாம். கிடைத்தது சாதாரண இரும்பு மட்டுமல்ல, கரி கூடிய உருக்கும். இந்த முடிவுகள் 1996இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்-கிந்தி சரந்தீப் உருக்கைக் குறிப்பிடுகிறார். சரந்தீப் என்றால் இலங்கை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனிம ஆய்வுக்காக இந்தப் பக்கம் வந்த ஆனந்த குமாரசுவாமி பலாங்கொடைப் பகுதியில் பார்த்தது துருத்தி வைத்த சின்ன உலை. அதுவும் கடைசி மூச்சில் இருந்தது. 1908இல் வெளிவந்த தன்னுடைய பெரிய நூலில் அதைப் பதிந்துவைத்தார்.

இத்தனை உலைக்கு எவ்வளவு கரி எரிந்திருக்கும்! அவ்வளவு மரம் வெட்டப்பட்டு, திரும்ப முளைத்து, திரும்ப வெட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் துரைமார் "வெறுங்காடு" என்று பார்த்ததில் ஒரு பகுதியாவது ஆட்கள் விட்டுப்போன இடம்தான். வருசம் முழுக்க உலை மூட்டியிருக்கவும் முடியாது. ஆவணி, புரட்டாசியோடு காத்து அடங்கும். ஐப்பசியில் மழை பிடிக்கும். கோடையில் எரித்த சேனையில் குரக்கன் விதைக்கிற நேரம் அது. நெருப்புக்கு ஒரு பருவம், தோட்டத்துக்கு ஒரு பருவம் என்று அவர்கள் வாழ்ந்திருப்பார்கள் என்றே எங்களுக்குப் படுகிறது. லயத்துப் பெண்கள் ஆடிக்குள் கவ்வாத்து மிலாறைக் கட்டிச் சேர்த்து, மழை விழுந்ததும் கொல்லைப்புறத்தில் போஞ்சி ஊன்றுவதும் அதே கணக்குத்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. உலைக்காரர் தன் இடத்தைத் தானே தேர்ந்தார். எந்த விளிம்பில் காத்து நிற்கும், எந்த மண் வெடிக்காது என்று பார்த்து வைத்தார். லயத்தை எங்கே கட்டுவது என்று அதில் குடியிருந்த யாரையும் யாரும் கேட்கவில்லை. 2014 ஒக்டோபர் 29, ஐப்பசி மழை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. ஹல்துமுல்லைப் பிரதேச செயலகத்துக்குள் வருகிற இடம். அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே சொல்லியிருந்தது. சொன்ன பிறகும் ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள், போக வேறு நிலம் யார் கொடுத்தது? மண்ணைப் பற்றிய அறிவு இல்லாமல் நடந்ததல்ல அது. அறிவு இருந்தவரிடம் நிலம் இல்லை, நிலம் வைத்திருந்தவர் அவசரப்படவில்லை. பிறகு வந்த வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் என்று அளந்தார்கள். வீடு போக மிஞ்சுவதில் ஒரு பாத்தி கோவா நடலாம்.

உலைக்களங்களில் பல இப்போது சமனலவெவத் தண்ணீருக்கு அடியில். மேலே மிஞ்சியவை தேயிலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் இடையில் கிடக்கலாம். நீங்க பாத்தி கொத்தும்போது மம்பட்டியில் கறுப்பாக, கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு, அளவுக்கு மீறின கனத்தோட ஒரு கட்டி பட்டால் அது இரும்புக் கிட்டமாக இருக்கலாம். பக்கத்தில் உள்ளே ஓட்டை போன சுட்ட களிமண் துண்டு இருந்தால் அது குழாய். வேலிக்கு வெளியே எறிந்துவிடாதீங்க. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று குறித்துவைத்து தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்க.