சுவரில் உள்ள பெயர்கள்

தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, விமானத்தின் உயரத்தையும் இராசராச சோழன் பெற்ற வெற்றிகளையும் சொல்லி நாம் நிறுத்திவிடுகின்றோம். வரலாறென்பது அரசர் வீட்டுச் செய்தி, தன் வீட்டுக்கு அதில் இடமில்லை என்று ஆயர் வீட்டுப் பிள்ளையும் வண்ணார் வீட்டுப் பிள்ளையும் எண்ணிவிடுகின்றனர்.

கோயில் எடுத்த மன்னன் அவ்வாறு எண்ணினானல்லன். தான் கொடுத்தவற்றோடு, தமக்கை குந்தவையாரும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு 1010-ஆம் ஆண்டளவில் ஆணையிட்டான். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், அவரவர் வீடு எந்தச் சிறகில் எத்தனையாவது என்னும் குறிப்போடு அங்கே உள்ளன. தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் முதல் வீடு சேரமங்கை என்பாளுடையது. அவள் பங்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். தையற்காரரும் நாவிதரும் வண்ணாரும் குயவரும் தச்சரும் அச்சுவரில் இடம்பெற்றனர். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் ஏற்று, நாள்தோறும் உழக்கு நெய் அளந்த ஆயர்களும் பெயரோடு உள்ளனர். (கணக்கு ஆசிரியருக்கும் இங்கே வேலையுண்டு!)

பழைய எழுத்து நமக்குப் பிடிபடாதுதான். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அவை அச்சாகியுள்ளன. அடுத்த முறை தஞ்சைக்குச் செல்லுங்கால் சில பெயர்களைத் தாளில் எழுதிச் செல்வோம். சுவரின் முன் நின்று பிள்ளைகளே அவற்றை வாய்விட்டுப் படிக்கட்டும்.