மும்பை ஆலை நிலங்கள் கைமாறிய கதை

மும்பையின் பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா வட்டாரத்துக்கு மராத்தியில் கிரண்காவ் என்று பெயர், ஆலைகளின் ஊர். 1850-களில் தார்தேவில் காவஸ்ஜி நானாபாய் தாவர் தொடங்கிய முதல் பஞ்சாலைக்குப் பிறகு, அடுத்த சில பத்தாண்டுகளில் இங்கே ஆலைகள் வரிசையாக எழுந்தன. அவற்றைச் சுற்றித் தொழிலாளர் குடியிருக்கும் சால்களும், தனியாக வந்து தங்கியவர்களுக்குச் சோறு போடும் கானாவல்களும் பெருகின. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 58 ஆலைகளின் வசம் சுமார் 600 ஏக்கர் இருந்தது. மூன்று பக்கம் கடல் சூழ்ந்த நகரத்தின் நட்டநடுவில் அவ்வளவு நிலம் ஒருசேரக் கிடப்பது லேசான காரியமல்ல.

1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதை முடித்துக்கொள்வதாக யாரும் முறைப்படி அறிவிக்கவே இல்லை. ஆலைகள்தான் ஒவ்வொன்றாக முடிந்துபோயின. நலிந்த ஆலைகள் சில 1974-இலேயே நாட்டுடைமையாகியிருந்தன. வேலைநிறுத்தத்துக்குப் பின் 1983-இல் மேலும் 13 ஆலைகளின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. இப்படி மும்பையில் 25 ஆலைகள் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்கு வந்தன. அவை நட்டத்தில் ஓடின. ஆனால் அவை நின்ற மண் ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறிக்கொண்டே இருந்தது.

தொழிற்சாலைக்கென ஒதுக்கிய நிலத்தை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாத நிலையை மாற்றியது, 1991-இல் மாநில அரசு கொண்டுவந்த மேம்பாட்டுக் கட்டுப்பாட்டு விதிகளின் 58-ஆம் விதி. ஆலை நிலத்தை வீடாகவோ கடையாகவோ மாற்றலாம். ஆனால் மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்காக மாநகராட்சிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்காக மாநில வீட்டுவசதி வாரியத்துக்கு, மீதி உரிமையாளருக்கு. ஐந்து ஹெக்டேருக்கு உட்பட்ட ஆலை என்றால் விகிதம் 33, 27, 40. காகிதத்தில் நேர்மையான பங்கீடு. ஆனால் பழைய கட்டடத்தை இடிக்காமல் உள்ளே மட்டும் மாற்றிக்கொண்டால் பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்ற வழியும் அதிலேயே இருந்தது. பலர் அந்த வழியில்தான் போனார்கள். நெசவுக்கூடங்களுக்குள் அலுவலகங்களும் கடைகளும் முளைத்தன; மாநகராட்சிக்கு மைதானம் வரவில்லை.

1996-இல் மாநில அரசு கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையில் ஒரு குழுவை அமர்த்தி, கழகத்தின் ஆலை நிலங்களை என்ன செய்யலாம் என்று கேட்டது. ஒவ்வொரு மனையையும் தனித்தனியே துண்டுபோடாமல், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்றது குழு. பரேல், எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலையங்களை ஒட்டி மக்கள் தாராளமாக நடமாடத் திறந்த சதுக்கம் வேண்டும் என்பதும் அதன் யோசனை. அறிக்கை அறிக்கையாகவே நின்றுவிட்டது.

விதி பலன் தரவில்லை என்று சொல்லி 2001-இல் அரசு அதைத் திருத்தியது. உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்தத் திருத்தம்தான். பங்கிட வேண்டியது மொத்த நிலத்தை அல்ல, ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் இடத்தை மட்டும் என்றாகிவிட்டது. பஞ்சாலையைப் பார்த்தவர்களுக்கு இதன் விளைவு உடனே புரியும். வடக்கு வெளிச்சம் விழும்படி ரம்பப் பல் போலக் கூரை போட்ட ஒற்றைத் தளக் கொட்டகைகள் சுவரிலிருந்து சுவர் வரை மனையை அடைத்துக்கொண்டிருக்கும். பத்து ஏக்கர் ஆலையில் எட்டு ஏக்கர் கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி பொதுவுக்குச் சேர வேண்டியது ஆறு ஏக்கர். புதிய விதிப்படி, மிச்சமிருக்கும் இரண்டு ஏக்கரில் அறுபது விழுக்காடு. அதாவது ஒன்றேகால் ஏக்கர்கூட இல்லை. கொட்டகையை இடித்தபின் கிடைக்கும் வெற்றிடம் முழுவதும் உரிமையாளருக்கே.

இந்த விதியின் கீழ்தான் 2005-இல் கழகம் ஐந்து ஆலைகளை ஒப்பந்தப்புள்ளி கோரி விற்றது. மும்பை டெக்ஸ்டைல் மில் 702 கோடி ரூபாய்க்கும், எல்பின்ஸ்டன் ஏறத்தாழ 442 கோடிக்கும், தாதரில் உள்ள கோஹினூர் மூன்றாம் ஆலை 421 கோடிக்கும், ஜூபிடர் 276 கோடிக்கும், அப்போலோ 180 கோடிக்கும் போயின. மொத்தம் இரண்டாயிரம் கோடிக்கு மேல். இவற்றில் மும்பை டெக்ஸ்டைல் மில்லின் 17 ஏக்கர் மனையை வாங்கிய கட்டுமான நிறுவனமான டிஎல்எஃப், 2012-இல் அதையே மற்றொரு கட்டுமான நிறுவனமான லோதாவுக்கு 2,727 கோடிக்குக் கைமாற்றியது.

பம்பாய் சுற்றுச்சூழல் செயற்குழு தொடுத்த வழக்கில், இடித்தபின் கிடைக்கும் இடமும் காலியிடமே என்று 2005 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டி அரசின் திருத்தத்தையே உறுதிசெய்தது, விற்பனைகளும் நிலைத்தன. நிலம் மத்திய அரசுக் கழகத்துடையது, விதி மாநில அரசுடையது, முடிவு நீதிமன்றத்துடையது. அந்த நிலத்தில் வாழப்போகும் நகரத்தின் மாநகராட்சி, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் இருந்தது.

வேலை இழந்த தொழிலாளர்களுக்கென வாரியம் 2012-இல் குலுக்கல் முறையில் 6,925 வீடுகளை ஒதுக்கியது. ஒவ்வொன்றும் 225 சதுர அடி, விலை ஏழரை லட்சம். விண்ணப்பித்தவர்களோ லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். ஆலைகள் இருந்த இடத்தில் எழுந்த கோபுர அலுவலகங்களுக்கு நாள்தோறும் திரளும் கூட்டத்தை, பழைய ரயில் நிலையங்களும் குறுகிய நடைமேம்பாலமும்தான் தாங்கின. 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கி நின்ற நெரிசலில் எல்பின்ஸ்டன் ரோடு நிலையப் பாலத்தில் 23 பேர் இறந்தார்கள். கொரியா குழு சதுக்கம் கேட்டது இந்த நிலையத்தை ஒட்டித்தான்.

விற்ற பணம் நலிந்த ஆலைகளை மீட்கவும் தொழிலாளர்களின் விருப்ப ஓய்வுத் தொகைக்கும் என்று சொல்லப்பட்டது. அதில் ஒரு பகுதி கோயம்புத்தூர் உட்படப் பிற ஊர்களில் கழகம் நடத்திய ஆலைகளை நவீனமாக்கச் செலவானது. 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற அந்த ஆலைகளில் பெரும்பாலானவை அதன்பின் முழுமையாக ஓடவில்லை.