பிலாட்டீஸ் யாருடைய பெயர்?

போன மாதம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பிலாட்டீஸ் பழகத் தொடங்கினோம். வகுப்பு ஒன்றும் இல்லை. ஒரு ஃபோன், நாலு பாய், ஒரு வீடியோ, அவ்வளவுதான். முதல் பயிற்சியின் பெயர் 'நூறு'. மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் நிலத்திலிருந்து தூக்கி, கால்களை நீட்டி உயர்த்திக்கொண்டு, கைகளை மேலும் கீழுமாய் அடிக்க வேண்டும். ஐந்து அடிக்கு மூச்சு உள்ளே, ஐந்து அடிக்கு வெளியே, அப்படிப் பத்துச் சுற்று. நாற்பது தாண்டவில்லை, எங்களில் ஒருவருக்குக் கழுத்துப் பிடித்துவிட்டது. வீடியோவின் தலைப்பில் 'புதியவர்களுக்கு' எண்டுதான் போட்டிருந்தது.

கழுத்துக்கு ஒத்தடம் குடுத்துக்கொண்டே, இதை யார் உருவாக்கினது, யாருக்காக உருவாக்கினது எண்டு தேடி வாசிக்கத் தொடங்கினோம். தொடங்கும் முன்னரே வாசித்திருக்க வேண்டும்.

பிலாட்டீஸ் ஒரு மனிதரின் பெயர். ஜோசப் ஹூபேர்ட்டஸ் பிலாட்டீஸ் 1883 டிசம்பரில் ஜேர்மனியின் மொன்ஷென்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, எலும்பு மெலிவு எண்டு நோயாளிப் பிள்ளையாய் இருந்தவர் எண்டும், உடற்பயிற்சியால்தான் தேறினார் எண்டும் சொல்லப்படுகிறது. முதலாம் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னர் இங்கிலாந்துக்குப் போனார். 1914 இல் போர் வந்ததும் அங்கிருந்த ஜேர்மனியர் எல்லாரும் 'எதிரி நாட்டவர்' ஆகிவிட்டார்கள். குற்றம் ஒன்றும் செய்யாமலே அவரும் அடைக்கப்பட்டார். முதலில் லங்காஸ்டர், பிறகு மான் தீவில் இருந்த நொக்கலோ முகாம்.

நொக்கலோ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேணும். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள், மரக் குடில்கள், சுற்றிவர முட்கம்பி. ஜேர்மனியர், ஒஸ்ரியர், துருக்கியர் எண்டு எல்லாரும் பொதுமக்கள்: கடைக்காரர், சமையல்காரர், முடிதிருத்துவோர், மாலுமிகள். வேலையில்லை, தனிமையில்லை, எப்போது விடுவார்கள் எண்டு தெரியாது. இப்படியான முகாம்களில் மனிதருக்கு வந்த மனச்சோர்வுக்கு அடோல்ஃப் லூகாஸ் விஷர் என்ற சுவிஸ் மருத்துவர் ஒரு பெயரே வைத்தார்: 'முட்கம்பி நோய்'. மறதி, எரிச்சல், ஒரு வேலையிலும் மனம் நிலைக்காமை. முகாம் என்ற சொல்லை அகராதியில் பார்க்கத் தேவையில்லாத எங்கட ஆக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போர் முடிந்து 1919 வரை பிலாட்டீஸ் அங்கேதான் இருந்தார். தன் முறை பற்றிய சிந்தனை முட்கம்பிக்குள்தான் உருப்பெற்றது எண்டு பின்னாளில் சொன்னார்.

பிலாட்டீஸ் பற்றி எந்தத் தளத்தைத் திறந்தாலும் முகாம் பற்றி ரெண்டு கதை கட்டாயம் வரும். ஒன்று, நோயாளிகளின் கட்டில்களில் ஸ்பிரிங்குகளைப் பூட்டி, படுத்தபடியே பயிற்சி செய்ய வைத்தார் என்பது. மற்றது, 1918 இன் பெருங்காய்ச்சலில் அவரிடம் பயிற்சி பெற்ற ஒருவரும் சாகவில்லை என்பது. ரெண்டும் பிற்காலத்தில் அவரும் மாணவர்களும் சொல்லிச் சொல்லி வளர்ந்தவை. முதலாவது நடந்திருக்கக்கூடும். ரெண்டாவதைக் கேட்டால் எங்களுக்கு வருகிற கேள்வி, யார் எண்ணினது? இருபதாயிரம் பேருக்குள் அவரிடம் பழகினவர்கள் யார், பழகாதவர்கள் யார் எண்டு பட்டியல் பிடித்தது யார்? வகுப்பு விற்க இந்தக் கதை நல்லா உதவும். அதைக் கேட்டு நெஞ்சு நோய்க்கு மருந்தை விட்டிட்டுப் பாயை விரிக்க வேண்டாம்.

1926 இல் நியூயோர்க்குக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்தில் சந்தித்த கிளாராதான் கடைசிவரை துணை. எட்டாவது அவெனியூ, 939 ஆம் இலக்கத்தில் ரெண்டு பேரும் ஒரு பயிற்சிக் கூடம் நடத்தினார்கள். ஸ்பிரிங்கோடு சறுக்கும் பலகைக் கருவி, இப்போது 'ரிஃபோர்மர்' எண்டு சொல்லுறது, அங்கேதான் புகழ்பெற்றது. தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கொன்ட்ரோலொஜி', கட்டுப்பாட்டின் கலை. பிலாட்டீஸ் என்ற பெயர் நிலைத்தது பிறகுதான்.

சுற்றுவட்டாரத்தில் நடனப் பள்ளிகள் கனக்க. ஜோர்ஜ் பலன்சின், மார்த்தா கிரஹாம் போன்றவர்களின் நடனக்காரர்கள் முழங்கால் போய், முதுகு போய் அங்கே வந்தார்கள். எங்களுக்கு முக்கியமாய்ப் பட்டது அந்தக் கூடம் நடந்த விதம். முப்பது பேரை வரிசையாய் நிறுத்தி ஒரே பயிற்சியைச் செய்விக்கிற இடமாய் அது இருக்கவில்லை. வருகிறவரின் உடம்பைப் பார்த்து, அவருக்கெண்டு ஒரு ஒழுங்கு. அவர் தன்பாட்டில் செய்வார், ஜோசப்போ கிளாராவோ வந்து திருத்துவார்கள். ஜோசப் அதட்டுவார், கிளாரா பொறுமையாய்ச் சொல்லிக் குடுப்பார் எண்டு பழைய மாணவர்கள் சொல்லியிருக்கினம். கிளாராவின் பெயர் எந்தப் பயிற்சியிலும் இல்லை, அது வேற கதை.

1945 இல் வில்லியம் ஜோன் மில்லருடன் சேர்ந்து ஜோசப் எழுதிய புத்தகத்தில் பாயில் செய்யும் 34 பயிற்சிகள் வரிசையாய் வருகின்றன. முதலாவது 'நூறு'. படங்களில் செய்து காட்டுகிறவரும் அவரேதான், வயது அறுபதை அண்டியது. ஆனால் வாழ்நாள் முழுக்க உடம்பை வளைத்த அறுபது வயது. இப்ப ஃபோனில் வருகிற கனக்க வீடியோக்கள் பின்பற்றுவது இந்த வரிசையைத்தான். புத்தகம் பரவிவிட்டது, கூடத்தில் இருந்த கண் கூட வரவில்லை. எங்கட கழுத்துப் பிடிப்பின் வரலாற்றுக் காரணம் இதுதான் எண்டு நாங்கள் முடிவு கட்டினோம்! வயிற்றுத் தசைக்குப் பலம் போதாதபோது தலையைத் தூக்கி வைத்திருக்கிற வேலை முழுக்கக் கழுத்துக்குப் போகும். தலையை நிலத்தில் வைத்து, முழங்காலை மடித்துக்கொண்டும் 'நூறு' செய்யலாம். மூச்சும் எண்ணிக்கையும் அப்படியே இருக்கும்.

ஜோசப் 1967 இல் இறந்தார். பெயருக்கு உரிமை கொண்டாட ஒரு ஏற்பாடும் செய்து வைக்கவில்லை. மாணவர்கள் ஆளுக்கொரு திசையில் கொண்டுபோனார்கள். ரொமானா கிரிசனோவ்ஸ்கா ஆசான் காட்டியபடியே காக்க நினைத்தவர். ரொன் ஃபிளெச்சர் லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோய்த் தன் வழியில் மாற்றினார். கறுப்பின நடனக்காரியான கெத்தி கிரான்ட் காயப்பட்ட உடம்புகளுக்கென்றே நுணுக்கமாய்ப் பலதைச் சேர்த்தார். முள்ளந்தண்டைத் தரையோடு தட்டையாய் அழுத்தச் சொன்ன இடங்களில், பிறகு வந்த இயன்மருத்துவர்கள் அதன் இயல்பான வளைவைக் காக்கச் சொன்னார்கள். வகுப்புத் தொடங்கும்போது ஒப்புவிக்கிற மூச்சு, கவனம், கட்டுப்பாடு முதலான ஆறு கொள்கைகளின் பட்டியல்கூட 1980 இல் வேற ரெண்டு பேர் எழுதிய புத்தகத்தில் இருந்து வந்தது.

1990களில் இந்தப் பெயர் தனக்கே சொந்தம் எண்டு ஒரு நிறுவனம் ஆசிரியர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பத் தொடங்கியது. வழக்கு நியூயோர்க் நீதிமன்றத்துக்குப் போனது. 2000 ஒக்டோபரில் நீதிபதி மிரியம் கோல்ட்மன் சீடர்பாம் தீர்ப்பளித்தார்: பிலாட்டீஸ் ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், அதை ஒருவரும் வணிகச் சின்னமாய் வைத்திருக்க முடியாது. எங்களுக்கு இந்தத் தீர்ப்புப் பிடிக்கும். கூட்டாய் வளர்ந்த ஒன்றை ஒருவர் வேலி போட்டு அடைக்கக் கூடாது. ஆனால் அதே தீர்ப்பால், வார இறுதியில் ஒரு குறுகிய பயிற்சி முடித்தவரும், வருஷக்கணக்காய்ப் பழகினவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டலாம். பெயரை நம்பிக் காசு கட்ட முடியாது.

அதனால் சேரப் போகிற இடத்தில் கேளுங்கள்: யாரிடம் பழகினீர்கள், எவ்வளவு காலம்? அதைவிட முக்கியம், அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பது. பழைய காயம், முதுகு வலி, பிள்ளைப்பேறு, இரத்த அழுத்தம் ஒன்றையும் விசாரிக்காமல் பாயைக் காட்டினால், அங்கே இருக்கிறது 34 படங்கள் மட்டும்தான். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை முன்னுக்குச் சுருட்டி உருளுகிற பயிற்சிகளைத் தவிர்க்க வேணும். அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். முதுகு வலிக்காகப் போகிறவர்களுக்கு: 2015 இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, சும்மா இருப்பதைவிடப் பிலாட்டீஸ் உதவக்கூடும், ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது எண்டு சொல்ல உறுதியான சான்று இல்லை எண்டுதான் சொன்னது. நடக்கப் பிடித்தவர் நடக்கலாம்.

ரிஃபோர்மர் வகுப்பின் விலையைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், பாய் இளப்பம் எண்டு நினைக்கவும் வேண்டாம். கருவியில் ஸ்பிரிங் பல இடங்களில் உடம்பைத் தாங்கும். பாரமான ஸ்பிரிங்தான் கஷ்டம் எண்டு நினைப்போம், சில பயிற்சிகளில் ஸ்பிரிங்கைக் குறைத்தால்தான் பலகை ஆடி ஆளைத் தடுமாற வைக்கும். பாயில் அந்தத் தாங்கலே கிடையாது. எங்கட நாலு பேரில் கழுத்துப் பிடித்தவர் இப்போது தலைக்குக் கீழ் ஒரு மடித்த துவாயோடு படுக்கிறார், மற்ற மூன்று பேரும் அதையே செய்கிறோம்.