உடையும் ஊர்தியும்: ஆங்கிலங் கற்கும் பிரெஞ்சு மக்கள் காணும் சொல்வரலாறு

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுக்களிலும் செப்பேடுகளிலும் தேடுகின்றோம். மக்களின் வரலாற்றையோ அவர்கள் நாடோறும் வழங்கும் சொற்களிலே தேடுதல் வேண்டும். கல்லிற் பொறித்த செய்தி பொறித்தவனின் விருப்பத்திற்கேற்ப அமைவது. சொல்லிற் படிந்த செய்தி எவர் விருப்பத்திற்கும் உட்படாது தானே படிவது. ஆதலின், ஒரு மொழியினர் வேற்றுமொழி யொன்றைக் கற்கப் புகும்போது எச்சொற்கள் அவர்க்கு எளியனவாகின்றன, எவை அவரை இடறச் செய்கின்றன என்று ஆராய்வது, அவ்விரு மக்களுக்குமிடையே முன்னாளில் நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலை ஆராய்வதேயாகும். பிரெஞ்சு மொழி பேசுவோர் ஆங்கிலங் கற்கையில் எதிர்ப்படும் உடைப் பெயர்களையும் மோட்டார் வண்டியின் உறுப்புப் பெயர்களையும் எடுத்துக்கொண்டு இவ்வுண்மையை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். உடை மிகப் பழையது. மோட்டார் வண்டி நேற்றுத் தோன்றியது. எனினும், சொல்லளவில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலைப் பின்னர்க் காண்பாம்.

1066ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி ஹேஸ்டிங்ஸ் போரிலே நோர்மண்டிக் கோமகன் வில்லியம் வெற்றி பெற்றான். அன்று தொட்டு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இங்கிலாந்தின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. ஆள்வோரின் மொழியோடு ஆள்வோரின் உடையும் வந்தது. 'கோட்', 'ரோப்', 'கவுண்' என்பனவும், பொத்தானைக் குறிக்கும் 'பட்டன்', கழுத்துப் பட்டியைக் குறிக்கும் 'கொலர்' என்பனவும், உடை என்னும் பொதுப்பொருள் தரும் 'கார்மெண்ட்' என்பதும் பழைய பிரெஞ்சினின்றும் ஆங்கிலத்திற் புகுந்தவை. ஆயினும் 'ஷேர்ட்', 'ஷூ', 'ஹட்', 'கிளவ்' எனச் சட்டைக்கும் காலணிக்கும் தொப்பிக்கும் கையுறைக்கும் வழங்கும் பெயர்கள் பழைய ஆங்கிலத்துக்கே உரியன. உழவனும் அணிந்தவற்றுக்குப் பழைய பெயர்கள் நின்றன. அரண்மனையின் பகட்டைக் காட்டியவற்றுக்குப் புதிய பெயர்கள் வந்தன. படையெடுப்பு ஒரு நாட்டின் அரியணையை ஒரே நாளிற் கைப்பற்றலாம். ஆடைப் பேழையைக் கைப்பற்ற நெடுங்காலம் வேண்டும் என்பதும், அப்போதும் அது முழுவதுங் கைப்படாது என்பதும் இதனாற் பெறப்படும்.

அந்நாளிற் சொற்பட்டியல் மனனஞ் செய்ய வேண்டியிருந்தவர் ஆங்கிலேயரே. 13ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த வால்டர் பிப்ஸ்வேர்த் என்னும் எசெக்ஸ் நாட்டு வீரர், பெருங்குடிப் பெண்ணொருத்தி தன் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கற்பித்தற்பொருட்டுச் செய்யுள் வடிவில் நூலொன்று யாத்தனர். வரிகளுக்கிடையே சிறிய எழுத்தில் ஆங்கிலப் பொருள் எழுதப்பட்டிருக்கும். உடலுறுப்புக்கள், உடைகள் ஆகியவற்றோடு தொடங்கி, கலப்பையும் வண்டியும் அவற்றின் உறுப்புக்களும் வரை அந்நூல் விரிந்து செல்கின்றது. உடுப்பதும் ஊர்வதும் மனிதன் முதலிற் பெயரறிய விரும்பும் பொருள்கள் என்பதை அவ்வாசிரியர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தனர்.

காலச் சக்கரம் சுழன்றது. 1362ஆம் ஆண்டிலே நீதிமன்ற வழக்குகள் ஆங்கிலத்தில் நடைபெறல் வேண்டுமெனச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது என்பது நகைப்புக்குரியதாயினும் சிந்தனைக்கும் உரியது. அதன்பின் இரண்டு நூற்றாண்டு கழிவதற்குள், ஆங்கிலங் கற்க வேண்டிய நிலை பிரெஞ்சு மக்களிற் பலரை வந்தடைந்தது. வெற்றிவீரராக அன்றி, அடைக்கலந் தேடுவோராக அவர்கள் இங்கிலாந்தின் கரையை அடைந்தனர். 1572ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆந் திகதி பாரிசில் தொடங்கிய படுகொலைக்குப் பின் சீர்திருத்தச் சமயத்தைச் சார்ந்த பிரெஞ்சு மக்கள் மேலும் பலர் இலண்டனிற் குடியேறினர். அவர்களுக்கென நூல் எழுதியவர் நோர்மண்டியிலுள்ள கான் நகரத்தவரான ஜாக் பெல்லோ என்பவர். 1580இல் ஆங்கில இலக்கணம் ஒன்றையும், 1586இல் அன்றாட உரையாடல் நூல் ஒன்றையும் அவர் வெளியிட்டனர். பின்னையதனை அச்சிட்டவரும் தாய்நாடு துறந்து வந்த தோமஸ் வோத்திரோலியே என்பவரே.

அவ்வுரையாடல் நூல் மூன்று நிரல்களாக அமைந்தது: ஒன்றில் ஆங்கிலம், மற்றொன்றிற் பிரெஞ்சு, மூன்றாவதில் ஆங்கிலச் சொற்களைப் பிரெஞ்சு நாவினர் ஒலித்தற்கேற்ற எழுத்துக்கூட்டல். அதன் தொடக்கம் எது? இறைவணக்கமன்று, அரசனைப் புகழும் உரையுமன்று. காலையிலே துயிலெழுந்து பாடசாலைக்குச் செல்லவேண்டிய சிறுவனொருவன் தன் உடைகளைக் காணாது தேடும் காட்சியே அது. அரைக்கச்சை எங்கே, தொப்பி எங்கே, மேலங்கி எங்கே, கையுறை எங்கே, செருப்பு எங்கே, கைக்குட்டை எங்கே என்று அடுக்கடுக்காக அவன் வினவுகின்றான். ஓர் இல்லத்தின் காலைப் பரபரப்பு முழுவதும் அங்கே சொற்பட்டியலாகி விடுகின்றது. அதன்பின் கடைத்தெருவிலே மீன் விற்போர், இறைச்சி விற்போர், துணி விற்போர் ஆகியோரிடம் பேரம் பேசும் உரைகள் வருகின்றன. உயிருக்கஞ்சி ஓடிவந்த குடும்பத்துக்கு இலக்கண நுட்பத்தினும் இன்றியமையாதது பிள்ளைக்கு உடை வாங்கும் மொழியன்றோ! அந்நூலைப் புரட்டிய ஏதிலியொருவன், 'கோட்' என்றும் 'கவுண்' என்றும் ஆங்கிலேயன் கூறியவை தன் முன்னோர் நாட்டிலிருந்து போந்த சொற்களே என்பதை அறிந்திருப்பானோ? அறிந்திருப்பின் அந்நிய மண்ணிலே அவனுக்கு அது சிறியதோர் ஆறுதலாய் இருந்திருக்கும்.

1685இல் பதினான்காம் லூயி மன்னன் நாந்து நகரக் கட்டளையை நீக்கியபோது ஏதிலிகளின் தொகை பெருகியது. இங்கிலாந்துக்கு வந்தோர் நாற்பதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடைப்பட்டவர் என மதிப்பிடுவர். இலண்டனின் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியிலே பட்டு நெசவு அவர்களாற் செழித்தது. அவ்வாண்டிலேயே லோசான் நகரத்தவரான கீ மியேஜ் என்பவர் ஆங்கிலங் கற்கும் பிரெஞ்சு மக்களுக்கெனப் புதுமுறை நூலொன்றை இலண்டனில் வெளியிட்டனர். ஆங்கிலேயச் சீமாட்டி உடுத்த பட்டை நெய்தவன், அதனை விற்றற்பொருட்டு அவளுடைய மொழியைக் கற்றான்.

இனி, கொடுத்த சொல் திரும்பி வருங்கால் என்ன நிகழ்கின்றது என்பதை நோக்குவாம். குதிரையேற்றத்துக்குரிய மேலங்கியை ஆங்கிலேயர் 'ரைடிங் கோட்' என்றனர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பிரெஞ்சு மக்கள் அவ்வுடையை விரும்பி ஏற்று, பெயரைத் தம் நாவுக்கேற்ப 'ரெதேங்கோத்' எனத் திரித்தனர். பின்னர் ஆங்கிலேயர் அத்திரிந்த சொல்லையே புதுப்பாங்கான ஓர் உடைக்குப் பெயராக மீண்டும் கடன்கொண்டனர். அதனுள் அடங்கிய 'கோட்' என்பதோ முதலிற் பிரெஞ்சினின்றும் போந்தது. ஆகவே ஒரே சொல் ஆங்கிலக் கால்வாயை மும்முறை கடந்ததாயிற்று. 1873ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி லீவை ஸ்ட்ராஸ், ஜேக்கப் டேவிஸ் என்னும் இருவர் ஆணிதைத்த காற்சட்டைக்கு அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றனர். அவ்வகைக் காற்சட்டைக்குரிய 'டெனிம்' என்னும் துணிப்பெயர் பிரான்சின் நீம் நகரப் பெயரினின்றும், 'ஜீன்' என்பது ஜெனோவா நகரின் பிரெஞ்சுப் பெயரினின்றும் தோன்றின என்பர். இன்று பாரிசின் இளைஞர் அவற்றை அமெரிக்கச் சொற்களெனக் கருதியே வழங்குகின்றனர்.

இவ்வாறு சென்று மீளுஞ் சொற்கள் சென்ற பொருளோடு மீள்வதில்லை. ஆங்கிலங் கற்கும் பிரெஞ்சு மாணவனுக்கு இடர் விளைப்பது இதுவே. 'ஷெமீஸ்' என்பது அவனுக்கு ஆடவர் சட்டை; ஆங்கிலத்திலோ பெண்டிரின் உள்ளாடை. 'ரோப்' அவனுக்குப் பெண்கள் நாடோறும் உடுப்பது. ஆங்கிலத்தில் நீதிபதியும் பட்டதாரியும் தரிக்கும் நீண்ட அங்கி. 'வெஸ்ட்' என்பதை அவன் மேற்சட்டை என எண்ணுவான். இங்கிலாந்தில் அது சட்டைக்குள் அணிவது. அமெரிக்காவில் மேற்சட்டைக்குள் அணியும் கையில்லாச் சட்டை. மறுதலையாக, ஆங்கில வடிவங்கொண்டு அவன் வழங்கும் 'ஸ்மோக்கிங்' என்னும் விருந்துடைப் பெயரை அப்பொருளில் இலண்டன் தையற்காரர் வழங்குவதில்லை. உருவொப்புமையை நம்பிக் கடைக்குட் சென்றவன் வேண்டியதை விடுத்து வேறொன்றைப் பெற்று மீள்வான். முற்றிலும் அறியாத சொல் நம்மை எச்சரிக்கின்றது. அறிந்தது போலத் தோன்றுஞ் சொல்லே நம்மை ஏமாற்றுகின்றது.

ஊர்தியின் வரலாறும் இத்தகையதே. கோல் மக்களின் பழஞ்சொல் ஒன்று இலத்தீனிற் புகுந்து 'காருஸ்' என வண்டியைக் குறித்தது. அது வடபிரான்சின் பேச்சு வழக்கிற் ககர ஒலியோடு நின்று, நோர்மன் மக்களோடு இங்கிலாந்து சென்று 'கார்' ஆயிற்று. பாரிசுப் பகுதியிலோ ககரம் திரிந்து 'ஷார்' ஆயிற்று. கனடாவின் கியூபெக் மக்கள் பேச்சு வழக்கில் மோட்டார் வண்டியை இன்றும் 'ஷார்' என்பர். பிரான்சிலோ, ஆங்கிலத்திலிருந்து மீண்டு வந்த 'கார்' என்னுஞ் சொல் ஊர்விட்டு ஊர் செல்லும் பேருந்தைக் குறிக்கின்றது. எனவே ஆங்கிலேயன் தன் 'கார்' என்று கூறுவதைக் கேட்ட பிரெஞ்சு மாணவன், அவனைப் பேருந்து முதலாளி என மயங்குதல் கூடும்!

1886இல் ஜேர்மனியிற் கார்ல் பென்ஸ் தமது வண்டிக்குக் காப்புரிமை பெற்றாராயினும், அத்தொழிலை விரைந்து வளர்த்தவர் பிரெஞ்சுக்காரரே. 1891இல் எமில் லெவாசோர் என்பவர் எந்திரத்தை வண்டியின் முன்புறத்தில் அமைத்தனர். 1894இல் பாரிசிலிருந்து ருவான் நகர் வரை மோட்டார் வண்டிப் போட்டி நிகழ்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே உற்பத்தியிற் பிரான்சே முன்னணியில் நின்றது. அதனாலன்றோ 'ஒட்டோமொபீல்', 'கராஜ்', 'சொபர்', 'சசி' முதலிய சொற்களை ஆங்கிலேயர் அங்கிருந்து பெற்றனர்! செய்தவன் பெயரிட்டான், வாங்கியவன் அப்பெயரையும் சேர்த்தே வாங்கினான்.

ஆயினும் வண்டியின் உறுப்புக்களை நோக்குவோமாயின் வியப்பானதோர் உண்மை புலப்படும். ஆங்கிலேயர் தம் வண்டிக்கு உடை உடுத்தினர் என்றே கூறலாம். எந்திர மூடியை இங்கிலாந்தில் 'பொனெட்' என்பர். அது குல்லாய் என்னும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொல். அமெரிக்கர் அதனையே 'ஹூட்' என்பர், அது தலைமூடி. பொதிவைக்கும் பின்னறையை இங்கிலாந்தில் 'பூட்' என்பர். அது பழைய பிரெஞ்சினின்றும் வந்த காலணிப் பெயர். சக்கரத்தைச் சுற்றிய 'டயர்' என்பது, ஒப்பனையுடை என்னும் பொருள்தரும் 'அட்டயர்' என்னுஞ் சொல்லின் முதற்குறையாகும். சக்கரத்தின் உடை என்பதே அதன் கருத்து. அமெரிக்கர் ஒலியடக்கியை 'மஃப்ளர்' என்பர்; அது கழுத்திற் சுற்றுந் துணி. பிரெஞ்சு மக்களும் இதில் இளைத்தவரல்லர். எந்திர மூடிக்கு அவர்கள் வழங்கும் 'காப்போ' என்பது முன்னர்த் தலைமூடியோடு கூடிய மேலங்கியைக் குறித்தது. எந்திர உருளையின் உட்கவசத்தை அவர்கள் 'ஷெமீஸ்', அதாவது சட்டை, என்பர். ஆங்கிலேயர் அதனையே 'ஸ்லீவ்', அதாவது சட்டைக்கை, என்பர். 'லிமுசீன்' என்னும் பெருவண்டியின் பெயரும், லிமுசான் நாட்டார் மழைக்கும் குளிருக்கும் போர்த்த முரட்டு அங்கியின் பெயரினின்றும் பிறந்தது என்பர். புதியதொரு பொருளைக் கண்ட மனிதன் தன் உடம்புக்கு அண்மையிலுள்ள சொற்களையே அதற்கு அணிவிக்கின்றான்.

சொற்கள் இங்ஙனம் செய்பவனிடமிருந்து வாங்குபவனிடம் செல்லுதல் எக்காலும் தீங்கற்றதன்று. 1763ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் பிரித்தானியர் வசமான கியூபெக்கிலே பிரெஞ்சு மக்களே பெரும்பான்மையினர். எனினும் மோட்டார்த் தொழில் ஆங்கிலம் பேசுவோர் கையிலிருந்தது. வண்டியோடு வந்த விளக்க நூல்கள் ஆங்கிலத்திலிருந்தன; உதிரிப்பொருட் பட்டியல்களும் ஆங்கிலத்திலிருந்தன. ஆகவே வீட்டிலே தாயிடம் கற்ற மொழியில் தன் சட்டைக்குப் பெயர் சொல்லிய தொழிலாளி, பட்டறையிலே 'பம்பர்', 'கிளச்', 'மஃப்ளர்' என அயன்மொழியிலே பேசினான். தாய்மொழி வீட்டு முற்றத்தோடு நின்றுவிட்டது. இக்குறையை நீக்கும் நோக்குடனேயே 1977இல் அம்மாகாணம் பிரெஞ்சு மொழிப் பட்டயத்தை இயற்றி, பொருள்களோடு வரும் விளக்கங்கள் பிரெஞ்சிலும் அமைதல் வேண்டுமென விதித்தது. பிரான்சிலும் 1964இல் எத்தியாம்பிள் என்னும் பேராசிரியர் ஆங்கிலக் கலப்பைக் கண்டித்து நூலெழுதினர்; 1975இலும் 1994இலும் மொழிக்காப்புச் சட்டங்கள் எழுந்தன.

இச்சட்டங்களின் நோக்கம் போற்றத்தக்கது. ஆயினும் வரலாறு உணர்த்தும் பாடம் ஒன்றுண்டு: சொல்லுக்கு இடும் வேலியினும் பொருளை ஆக்கும் கைவன்மையே மொழிக்குச் சிறந்த அரணாகும். பட்டு நெய்த காலத்தும் வண்டி செய்த காலத்தும் பிரெஞ்சுச் சொற்கள் அழைப்பின்றியே அயல்நாடுகளிற் குடிபுகுந்தன.

நாமும் இந்நெறிக்குப் புறம்பானவரல்லேம். தொல்காப்பியர் சொற்களை நால்வகையாக வகுத்தபோது திசைச்சொல்லுக்கும் இடங்கொடுத்தனர். 1619இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்கள் இந்நாட்டை விட்டகன்று முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அவர்கள் மொழிவழி வந்த சப்பாத்தும் களிசானும் லேஞ்சியும் நம் பேச்சை விட்டகலவில்லை. கோட்டைகள் சிதைந்தன, உடைப் பெயர்கள் நிலைத்தன. ஆதலின், வேற்றுமொழி கற்கும் மாணவர் சொற்பட்டியலை வெறும் மனனச் சுமையெனக் கருதாது, அவ்வச்சொல் யாரிடமிருந்து, எந்நிலையில், எப்பொருளோடு வந்தது என வினவுவாராக. அங்ஙனம் வினவுவோரைச் சொல்லொப்புமை ஏமாற்றாது. தம்மொழியின் நிலையையும் அவர்கள் தெளிவுற அறிவர்.